பழைய வீட்டு மரத்தில் பெஞ்சும் மேசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடையில் சாலையோரமாக ஓர் ஓட்டுக்கொட்டகை. அதுதான் என் பட்டறை. இடித்த வீடுகளிலிருந்து வரும் உத்திரம், கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டை), நிலை (வாசல் சட்டம்), கதவு ஆகியவற்றைக் கொண்டு பெஞ்சும் மேசையும் அலமாரியும் செய்வது பதினான்கு ஆண்டுகளாக என் தொழில். பட்டறைக்கு வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலைக்கு வாங்க நினைப்பவர்களைவிட, தங்கள் கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியது இது.

பழைய மரம் என்று எவற்றையெல்லாம் சொல்கிறீர்கள்?

ஒரு கட்டடத்தில் தன் வேலையைப் பார்த்துவிட்டு இறங்கிய மரம் எதுவும் பழைய மரம்தான். ஓட்டு வீட்டுக் கைமரமும், ஓடு பதிக்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரும், மெட்ராஸ் டெரஸ் தளத்தில் செங்கல் வரிசைகளைத் தாங்கிக்கொண்டிருந்த சிறு உத்திரங்களும், நிலை, கதவு, ஜன்னல் சட்டம், மாடிப்படிப் பலகை ஆகியவையும் எங்கள் பக்கம் அதிகம் வருகின்றன. கிராமத்து வீடுகளிலிருந்து பனங்கைகள், அதாவது பனையில் செய்த கைமரங்கள், வரும். தேக்காக இருந்தால்தான் மதிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வேங்கை, பூவரசு, இலுப்பை, பலா, வேம்பு என எல்லாவற்றிலும் நல்ல பொருள் செய்யலாம்.

புது மரத்தைவிடப் பழைய மரம் உயர்ந்தது என்பது உண்மையா?

முதலில் நல்ல மரமாக இருந்து, பிறகு நனையாமலும் இருந்திருந்தால் உண்மை. வயது மட்டும் மரத்துக்கு வலிமை தந்துவிடாது. ஈரச் சுவருக்குள் செருகியிருந்த உத்திரத்தின் முனை, நூறு ஆண்டுப் பழமை உடையது என்றாலும், விரலால் நசுக்கினால் உதிர்ந்துவிடும்.

ஆனால் அந்தக் காலத்தில் வெட்டிய மரம் காட்டில் மெல்ல வளர்ந்து, பருத்து, முதிர்ந்த பிறகு கோடரி பார்த்த மரம். அதில் வைரம் எனும் முதிர்ந்த உள்மரம் மிகுதி, வெள்ளை எனும் இளம் வெளிமரம் குறைவு. இன்று மரவாடிகளில் கிடைக்கும் தோட்டத் தேக்கு பெரும்பாலும் இளமரம். வெள்ளை அகலமாக இருக்கும். மரத்தைத் துளைக்கும் பூச்சியான உளு பிடிப்பது அந்த வெள்ளையைத்தான். சென்ற ஆண்டு வந்த ஓர் உத்திரத்தின் முனையை இழைத்துவிட்டு வளையங்களை எண்ணினேன். ஓர் அங்குலத்துக்குள் பதினேழு இருந்தன. பதினேழு மழைக்காலங்கள் சேர்ந்து ஓர் அங்குலம்! அந்தக் கட்டையை அறுப்பதற்கு முன் இரண்டு நாள் யோசித்தேன்.

அடுத்த லாபம், அது காய்ந்த மரம். கூரைக்கடியில் பல பத்தாண்டுகள் கோடையும் மழையும் பார்த்துவிட்டதால், வளைய வேண்டியது வளைந்து, வெடிக்க வேண்டியது வெடித்து, ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

கடைக்காரர் ‘பர்மா தேக்கு’ என்கிறார். நம்பலாமா?

தேக்குதானா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பர்மாவா என்பதை மரத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம்; அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதுதான் சாட்சி.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு இருப்பதற்குக் காரணம் வெளிப்படையானது. நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் செய்தார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஐராவதி ஆற்றின் வழியாக ரங்கூனுக்கும் சால்வீன் ஆற்றின் வழியாக மௌல்மேனுக்கும் மரம் மிதந்து வந்து, அங்கிருந்து கப்பலேறியது. பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். அதனால் காட்டிலேயே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிட்டு, அதன் பிறகு சாய்த்தார்கள். எங்கள் ஊர் உத்திரங்கள் இத்தனை நேராக நிற்பதற்கு இந்தப் பொறுமைக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது இந்த வரத்து நின்றது. ஆகவே, 1960இல் கட்டிய வீட்டு மரத்தைப் பர்மா தேக்கு என்று ஒருவர் கூடுதல் விலை சொன்னால், தயங்கிக் கேளுங்கள். நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். கேரளத் தேக்கும் அருமையான மரம்தான்.

தேக்கா என்று பார்க்க, கட்டையின் மறைவான ஓரத்தில் கத்தியால் ஒரு சீவு சீவுங்கள். உள்ளே பொன் கலந்த பழுப்பு நிறம் தெரியும். தடவினால் மெழுகு பூசியது போன்ற வழவழப்பு இருக்கும். முகர்ந்தால் பதனிட்ட தோலின் வாசனை வரும். ஒருமுறை பழகிவிட்டால் அந்த வாசனை ஏமாற்றாது.

எங்கே வாங்குவது? விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் நேரடியாக வாங்குவது நல்லது. ஊருக்கு ஊர் பழைய மரக்கடைகள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அங்கே தூணுக்கும் கதவுக்கும் கலைப்பொருள் விலை சொல்வார்கள்; பெஞ்சு செய்யக் கைமரம் தேடுகிறவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

மரம் கன அடிக் கணக்கில் விற்கும். அகலத்தையும் தடிமனையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. நான்குக்கு மூன்று கைமரம் ஒன்பது அடி நீளம் என்றால் 108. வகுத்தால் முக்கால் கன அடி. இந்தக் கணக்கைப் பேசும் இடத்திலேயே போட்டுப் பாருங்கள். அளக்கும்போது இற்றுப்போன முனைகளைக் கழித்து அளக்கச் சொல்லுங்கள். ஆணி, துளை, வெடிப்பு என்று என் பட்டறையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

போகும்போது டார்ச், அளவு நாடா, ஒரு காந்தம், ஒரு கூரிய குத்தூசி இருந்தால் போதும். பில் இல்லாமல் மரத்தை வண்டியில் ஏற்றாதீர்கள். வழியில் வனத்துறையினர் கேட்டால், இது இடித்த வீட்டு மரம் என்று காட்ட உங்களிடம் தாள் இருக்க வேண்டும்.

இதற்காக நல்ல வீடுகளை இடிக்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதே ஊர்களில், பங்காளிகள் பிரிந்து கவனிப்பாரில்லாமல் போன வீடுகள் ஆண்டுதோறும் இறங்குகின்றன. மரத்தின் விலை அதற்கு ஒரு தூண்டுதலாக இருக்கிறது என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் நான் மறுக்க முடியாது.

எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். நிற்கும் வீட்டிலிருந்து தூணையோ நிலையையோ கழற்றிக் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன். சிற்பம் செதுக்கிய நிலையை அறுத்து மேசை செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். அது நிலையாகவே இன்னொரு வீட்டுக்குப் போகட்டும். சரிந்து விழுந்த வீட்டின் கைமரம் விறகுக்கடைக்குப் போகாமல் தடுப்பது மட்டுமே என் வேலை.

கரையானும் உளுவும் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தட்டிப் பாருங்கள். நல்ல கட்டை ‘கணீர்’ என்று ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் ‘பொத்’ என்று அடங்கும். சுவருக்குள் இருந்த முனைகளையும் ஓடு ஒழுகிய இடங்களையும் குத்தூசியால் குத்துங்கள். ஊசி எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்த இடம்வரை வெட்டி எறிய வேண்டியதுதான்.

கரையான் வந்து போன மரத்தில் மண் தடம் இருக்கும். உயிருள்ள கரையான் பெரும்பாலும் கட்டையோடு வராது. கவலைப்பட வேண்டியது உளுவைப் பற்றித்தான். குண்டூசித் தலை அளவு துளைகள் பழையனவாக இருந்தால் உள்ளே கறுத்திருக்கும். இன்னும் வேலை நடக்கிறது என்றால் துளையின் வாய் வெளிறி, மாவு போன்ற தூள் கொட்டும். சந்தேகம் வந்தால் கட்டைக்கடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். தாளில் வெள்ளைத் தூள் விழுந்தால் அதை மற்ற மரங்களோடு சேர்க்கக் கூடாது. வெள்ளைப் பகுதியை முழுவதும் இழைத்து நீக்கி எரித்துவிட்டு, மிச்சத்துக்கு வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுவேன். இது மேலாக உள்ளவற்றையே தடுக்கும். ஆழமாக இறங்கியிருந்தால் அந்தக் கட்டைமேல் ஆசை வைக்காதீர்கள்.

ஆணிகளை எப்படிச் சமாளிப்பது?

இந்தத் தொழிலின் பாதி இதுதான். வெளியே தலை தெரியும் ஆணி பிரச்சினை இல்லை. தலை முறிந்து உள்ளே நிற்பதுதான் ஆபத்து. என் இரண்டாம் ஆண்டில், நன்றாகச் சுத்தம் செய்துவிட்டேன் என்று நம்பி ஒரு கைமரத்தை இழைப்பு இயந்திரத்தில் விட்டேன். உள்ளே முறிந்து கிடந்த சதுர ஆணி ஒன்று மூன்று பிளேடுகளையும் பல் பல்லாகக் கொத்திவிட்டது. ஒரு துண்டு என் தோளைத் தாண்டிச் சுவரில் பதிந்தது. அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் இயந்திரத்தின் பக்கம் நிற்பதில்லை.

மரத்தில் கறுப்பு வட்டம் தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது, அல்லது இருந்தது. மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்புத் துரு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. நூலில் கட்டிய காந்தத்தைக் கட்டையின் நான்கு பக்கமும் மெல்ல நகர்த்துங்கள். ஆணி உள்ள இடத்தில் காந்தம் சாயும். கடைசியில் உலோகம் கண்டறியும் கைக்கருவியால் ஒருமுறை. பித்தளைத் திருகாணிகளைக் காந்தம் காட்டாது, கருவி காட்டும். பழைய ஆணியைப் பிடுங்கும்போது முதலில் உள்ளே ஒரு தட்டு தட்டி, துருவின் பிடியை உடைத்துவிட்டு, பிறகு இழுங்கள். வராத ஆணியைச் சுற்றி மெல்லிய குழாயால் துளைபோட்டு, கட்டையோடு சேர்த்து எடுத்துவிடலாம்.

கொல்லர் உலையில் அடித்த சதுர ஆணிகளைத் தூக்கி எறியாதீர்கள். எண்ணெயில் போட்டு வையுங்கள். கொக்கியாக வளைத்தால் அதே மரத்தில் துணி மாட்ட அழகாகப் பொருந்தும்.

பழைய கதவின் பச்சை பெயிண்ட் அழகாக இருக்கிறது. அப்படியே வைக்கலாமா?

இதில் மட்டும் விளையாட வேண்டாம். பழைய எனாமல் பெயிண்ட்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் எதையும் ஈயம் உள்ளதாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆகவே, காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடக் கூடாது. தீ காட்டி உரிக்கவும் கூடாது. புகையிலேயே ஈயம் வரும். உரிக்கும் ரசாயனப் பசையைத் தடவி, ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைத் தாளில் மடித்து அப்புறப்படுத்துங்கள். நல்ல முகமூடி வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. வேலை முடிந்ததும் உடையைத் தனியாகத் துவையுங்கள். பழைய பெயிண்ட் உள்ள பலகையைச் சாப்பாட்டு மேசைக்கோ தொட்டிலுக்கோ குழந்தைகள் கைபடும் எதற்குமோ நான் தர மாட்டேன்.

ரயில் தண்டவாளக் கட்டைகள், சரக்குப் பேலட், படகுப் பலகை?

தண்டவாளத்துக்கடியில் கிடந்த மரக்கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பல கட்டைகளில் கிரியோசோட் என்ற நிலக்கரித் தார் எண்ணெயை ஏற்றியிருப்பார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் அது. வெயில் பட்டால் கசியும், எரித்தால் நச்சுப்புகை. எத்தனை இழைத்தாலும் போகாது.

பேலட் என்பது சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டு; அதன் மரம் பெரும்பாலும் பைன். பல நாட்டுத் துறைமுகங்களைத் தாண்டி வருவதால் அதில் கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருக்கும். முத்திரையில் ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் வெப்பம் ஏற்றிப் பூச்சி நீக்கியது: மரத்தின் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, தவிர்த்துவிடுங்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறை உள்ளதும் வேண்டாம். செடித்தொட்டி நிறுத்தம், செருப்பு அலமாரி போன்றவற்றில் கை பழக எச்.டி. பேலட் நல்லது.

படகுப் பலகையில் உப்பும் மீன் எண்ணெயும் ஏறியிருக்கும். தோட்டத்து இருக்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தொடங்குவதற்கு ஒரு நல்ல கைரம்பம், அரை அங்குலம், ஓர் அங்குலம் என இரண்டு உளிகள், கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), ஒரு இழைப்புளி, மூலைமட்டம், டிரில், நான்கு கிளாம்ப். சாணைக்கல்லை இந்தப் பட்டியலில் முதலில் எழுதியிருக்க வேண்டும். தேக்குக்குள் மணல் போன்ற சிலிக்கா உண்டு. உளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். அரை மணிக்கு ஒருமுறை தீட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கட்டையைப் பிளந்து பலகையாக்கும் வேலையை மர அறுவை மில்லில் கொடுத்துவிடுங்கள். ஆணி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய மரம் என்றாலே சில மில்காரர்கள் மறுப்பார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

முதன்முதலாக என்ன செய்யலாம்?

பெஞ்சு. நான்கரை அடி நீளம், பதினேழரை அங்குல உயரம், பின்சாய்வு இல்லாதது. ஒரு கைமரமும் இரண்டு பலகைகளும் போதும். தச்சு வேலையின் எல்லாப் பாடமும் அதற்குள் இருக்கிறது.

படம் வரைவதற்கு முன் மரத்தைத் தரையில் பரப்பி, ஒரு முழு நாள் பாருங்கள். புது மரத்தில் நீங்கள் அளவு சொல்கிறீர்கள். பழைய மரத்தில் அது சொல்லும். ஆறடிக் கட்டையின் நடுவில் பெரிய துளை இருந்தால், அது ஆறடி மேசைக்கு வந்த கட்டை இல்லை, இரண்டு சின்ன முக்காலிக்கு வந்தது. நான் கண்ட தவறுகளில் பெரியது, தாளில் வரைந்த அளவுக்காக நல்ல நீளக் கட்டையைக் குறுக்கே அறுப்பதுதான். அறுத்த நீளம் திரும்பி வராது.

பெஞ்சுக்கு வருவோம். கைமரத்திலிருந்து இரண்டரை அங்குலச் சதுரத்தில் நான்கு கால்கள், ஒவ்வொன்றும் பதினாறு அங்குலம். மூன்றங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமனில் குறுக்குச் சட்டங்கள் நான்கு. இரண்டு கால்களை மேலும் கீழும் சட்டங்களால் இணைத்தால் ஒரு பக்கச் சட்டகம், அப்படி இரண்டு. சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கிக் காலில் துளையெடுத்துச் செருக வேண்டும். நாக்கின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நான்கு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற கணக்கு தெரியாதவர்களுக்கு: அரை அங்குலம். துளையை முதலில் எடுத்துவிட்டு, நாக்கை அதற்கேற்பச் சீவுங்கள். கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்படி இருந்தால் கால் பிளக்கும். தானாக விழுந்தால் ஆடும். உள்ளங்கையால் அழுத்த, மெல்ல இறங்க வேண்டும்.

செருகியபின் மூன்று நூல் விட்டத்தில் மர ஆணி. காலில் போடும் துளையைவிட நாக்கில் போடும் துளை அரை நூல் தோள் பக்கம், அதாவது நாக்கு தொடங்கும் பக்கம், தள்ளியிருக்கட்டும். காய்ந்த மூங்கிலிலோ தேக்கிலோ சீவிய ஆணியை அடிக்கும்போது அது நாக்கை இழுத்து இறுக்கும். இந்த முறையில் செய்த இணைப்பு, பசை போய்விட்டாலும் நிற்கும். கீழ்ச் சட்டங்கள் இரண்டையும் ஒரு நீளச் சட்டத்தால் கோத்துவிட்டால் பெஞ்சு பக்கவாட்டில் ஆடாது. மேலே ஒன்றரை அங்குலத் தடிமனில் இரண்டு பலகைகள், நடுவில் இரண்டு நூல் இடைவெளி.

அப்படி நான் செய்த ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அம்மா தன் பிறந்த வீட்டு உத்திரத்தைக் கொண்டுவந்தார். புகை ஏறிக் கறுத்திருந்தது. அதன் ஒரு விளிம்பில் கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம், கண்ணாடிபோல் வழவழப்பாக. வண்டு அரித்ததோ என்று நான் குத்தூசியை எடுத்தேன். “அது தொட்டில் கயிறு தேய்த்த இடம் தம்பி, நாங்கள் ஏழு பேரும் அதில்தான் தூங்கினோம்” என்றார். அந்த விளிம்பில் இழைப்புளியே படவில்லை. பெஞ்சின் முன்பக்கம், உட்காருகிறவர் கை தானாகப் போய்த் தொடும் இடத்தில் பள்ளம் வரும்படி பலகையைத் திருப்பி வைத்தேன்.

நூறாண்டு காய்ந்த மரம் மறுபடி ஏன் விரிகிறது, சுருங்குகிறது?

மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். எத்தனை வயதானாலும் அது மாறாது. மூன்றடி அகல மேசைப்பலகை, மே மாதத்துக்கும் நவம்பருக்கும் இடையில் இரண்டு நூல் வரை அகலத்தில் மாறும். நீளத்தில் மாற்றம் தெரியாது. அதனால் பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஆணியடித்தால் ஓரிரு ஆண்டுகளில் நடுவே வெடிக்கும். கீழிருந்து திருகாணி போடும் துளையை அகலவாக்கில் நீளமாகக் குடைந்துவிடுங்கள். திருகாணி நகர இடம் இருந்தால் பலகை வெடிக்காது.

பழைய தடிக்கட்டையைப் பிளந்த அன்றே பொருள் செய்யாதீர்கள். உள்ளே இருந்த பக்கம் இப்போதுதான் காற்றைப் பார்க்கிறது. இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் மூன்று நான்கு வாரமாவது விட்டுவிடுங்கள். குளிரூட்டிய அறைக்குப் போகும் பொருளென்றால் இன்னும் கொஞ்சம்.

தேக்கில் பசை ஒட்டவில்லையே?

அதன் எண்ணெய்தான் காரணம். இழைத்த சூட்டோடு, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, உடனே பசை போட்டு கிளாம்ப் மாட்டுங்கள். நேற்று இழைத்த முகத்தில் இன்று பசை போடாதீர்கள்.

துளைகளையும் வெடிப்புகளையும் அடைக்க வேண்டுமா?

சாப்பாட்டு மேசையின் மேல்முகத்தில் அடைக்க வேண்டும். சோறும் சாம்பாரும் இறங்கினால் பூச்சி வரும். அதே மரத்தின் தூளை எப்பாக்சியில் குழைத்து அடையுங்கள். பெரிய வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு துண்டைப் பதித்தால் வெடிப்பு மேலும் ஓடாது. மற்ற இடங்களில் துளை துளையாகவே இருக்கட்டும்.

புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, ஆணியால் குத்தி, சாயம் பூசிப் பழையதாக்கித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. புது மரத்துக்கு அதன் புதுமை அழகு. வடு வாங்க அதற்குக் காலம் கொடுங்கள்.

மெருகுக்கு எது நல்லது?

நான் பெரும்பாலும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும், அதன்மேல் தேன்மெழுகும் போடுகிறேன். துணியால் மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி. மூன்று பூச்சு போதும். மரத்தின் ரேகை எழுந்து வரும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் காயாது. தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும். அரக்கில் போடும் பிரெஞ்சு பாலிஷ் மிக அழகு, ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். நீர் அதிகம் படும் மேசைக்கு பாலியூரித்தேன் போடுவதில் தவறில்லை.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடாகித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

பனங்கையில் பொருள் செய்யலாமா?

செய்யலாம், செய்ய வேண்டும் என்றே சொல்வேன். இத்தனை அழகான மரத்தை அடுப்பில் வைக்கிறோம். கறுப்பும் பழுப்புமாக ஓடும் நார்க்கோடுகள் வேறெந்த மரத்திலும் இல்லை. பனையில் வெளிப்பக்கம்தான் உறுதி. உள்ளே போகப் போகச் சோறு, அதாவது மென்மையான உட்பகுதி. ஆகவே வெளி இரண்டங்குலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இழைப்புளியை எதிர்த்திசையில் ஓட்டினால் நார் எழுந்து சிலாம்பு ஏறும். அந்தச் சிலாம்பு கையில் முறிந்தால் சீழ் பிடிக்காமல் வெளியே வராது. விளிம்புகளை நன்றாக உருட்டி, இரண்டு முறை எண்ணெய் குடிக்கவிட்டு, மறுபடி உப்புத்தாள் போடுங்கள். அலமாரித் தட்டு, படச்சட்டம், ஊஞ்சலின் கைப்பிடி எல்லாம் பனையில் நன்றாக வருகின்றன.

கடையில் வாங்குவதைவிடச் செலவு குறையுமா?

குறையாது. ஆணி பிடுங்கும் கூலியை நேர்மையாகப் போட்டால், ஒட்டுப்பலகைச் சாமானைவிட இரண்டு மடங்காவது ஆகும். உங்கள் வீட்டு மரமே இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

மிஞ்சும் துண்டுகளை என்ன செய்வது?

ஓரடிக்கு மேல் உள்ளதை எறிவதில்லை. மணைப்பலகை, சுவர் மாடத்தட்டு, பல்லாங்குழி, விளக்கு நிறுத்தம் செய்கிறேன். அதைவிடச் சிறியவற்றை மர ஆணியாகச் சீவி டப்பாவில் போட்டு வைக்கிறேன். இதுவரை ஒரு மர ஆணியும் புதுமரத்தில் செய்ததில்லை. பெயிண்ட் படாத இழைப்புச் சுருள்களை, எங்கள் தெருவில் கோழி வளர்க்கிற பாட்டி சனிக்கிழமைகளில் சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்.